டார், ஜிஇசட், எக்ஸ்இசட்: லினக்ஸில் சுருக்கிய கோப்புகளின் பெயரைப் படித்துப் பிரிப்பது எப்படி?

"அக்கா, ரெண்டு தடவை டவுன்லோட் பண்ணிட்டேன். தொறக்கவே மாட்டேங்குது."

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி அன்றைக்குத் தன் புராஜெக்ட்டுக்கான தரவுக் கோப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போனின் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியது. பெயர் தரவு.டார்.ஜிஇசட். பிரிக்கச் சொன்னால் டெர்மினல் "இது ஜிஜிப் வடிவத்தில் இல்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. பெயரில் ஜிஇசட் இருக்கிறது, உள்ளே இல்லை என்கிறது. அவள் குழம்பியது நியாயம்தான்.

அவளுக்கு அன்று சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். ஒற்றை எழுத்தாக 'டி' வரும் இடத்திலெல்லாம் அது வண்டி நம்பர் பலகையில் டி.என். என்று வருமே, அந்த டி.

படி 1: பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி வெளியூர் போவதைப் பார்த்திருப்பீர்கள். உதிரித் துணிகளை முதலில் ஒரே மூட்டையாகக் கட்டுவார்கள். இடம் அடைக்காமல் இருக்க அந்த மூட்டையை அழுத்துவது அதற்கப்புறம். இரண்டும் தனித்தனி வேலை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸிலும் அப்படித்தான். டார் மூட்டை மட்டும் கட்டும், எதையும் சுருக்காது. ஜிஜிப் சுருக்க மட்டும் செய்யும், அதுவும் ஒரே ஒரு கோப்பை. நூறு கோப்புகளைக் கொடுத்தால் நூறையும் தனித்தனியாகச் சுருக்கி வைக்கும்.

ஆக, பாடம்.டார்.ஜிஇசட் என்ற பெயர் நடந்த கதையை வரிசையாகச் சொல்கிறது: பாடம் என்ற ஃபோல்டர் டாரில் மூட்டையானது, பிறகு ஜிஜிப்பில் அழுந்தியது. பிரிக்கும்போது கடைசியாகப் போட்ட உறையை முதலில் கழற்றுவோம். அதனால்தான் வலமிருந்து படிக்கச் சொல்கிறேன். பாடம்.டிஎக்ஸ்டி.ஜிஇசட் என்றிருந்தால் உள்ளே மூட்டை கிடையாது, ஒற்றை உரைக்கோப்புதான்; அதை டாரிடம் கொடுத்துப் பயனில்லை. டிஜிஇசட் என்று ஒரே சொல்லாக வந்தால் அது டார்.ஜிஇசட்டின் சுருக்கப் பெயர். பழைய டாஸில் புள்ளிக்குப் பின் மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லாத காலத்தின் மிச்சம் அது. டிபிஇசட்2, டிஎக்ஸ்இசட் எல்லாமே அதே வழிதான்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

டார் என்ற பெயர் டேப் ஆர்க்கைவ் என்பதிலிருந்து வந்தது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது முதலில் வந்தபோது காந்த நாடாவில் எழுதுவதுதான் வேலை. நாடா போய்விட்டது, அதன் பழக்கம் போகவில்லை. இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். ஒரு கோப்பில் "வணக்கம்" என்று மட்டும் எழுதிச் சேமியுங்கள். யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு ஏழு குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 21. வரி முடிவுக்கு ஒன்று. மொத்தம் 22 பைட். இதை மட்டும் டாரில் கட்டி அளவைப் பாருங்கள்: லினக்ஸில் 10,240 பைட் காட்டும்!

காரணம், டார் எல்லாவற்றையும் 512 பைட் கட்டங்களாக அடுக்கும். முதல் கட்டம் முகவரிச் சீட்டு: கோப்பின் பெயர், அளவு, யாருடையது, யாருக்கு அனுமதி, எப்போது மாறியது. அடுத்த கட்டத்தில் நம் 22 பைட், மீதி வெற்றிடம். முடிவைக் காட்ட இரண்டு வெற்றுக் கட்டங்கள். அதோடு, நாடாவில் இருபது கட்டங்களாகச் சேர்த்து எழுதிய பழக்கத்தில் மிச்சத்தையும் சுழியத்தால் நிரப்பிவிடும். வெற்றிடம் நன்றாக அழுந்தும் என்பதால் அதை ஜிஜிப்பில் போட்டால் சில நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும். மூட்டையும் அழுத்தமும் வேறு வேறு என்பது இந்த ஒரு சோதனையில் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

அந்த முகவரிச் சீட்டில் பெயருக்கென்று 100 பைட்தான் இடம். தமிழில் பெயர் வைத்தால் 33 குறிகளில் அது தீர்ந்துவிடும். இன்றைய டார் கூடுதல் சீட்டு ஒட்டிச் சமாளிக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழில் அது 85 குறிகள். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி என்பதால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் எல்லை வந்துவிடும்.

படி 2: கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை அடையாளம் காணுங்கள்

பெரிய இசட் என்ற ஒற்றை எழுத்து வந்தால் அது 1980-களின் கம்ப்ரஸ். அதன் எல்இசட்டபிள்யூ முறைக்குக் காப்புரிமை இருந்தது. அந்தச் சிக்கல் இல்லாத ஒன்றாக 1992-இல் ழான்-லூ கய்யியும் மார்க் ஆட்லரும் ஜிஜிப்பை வெளியிட்டார்கள். இன்றைக்கும் யாருக்காவது கோப்பு அனுப்ப வேண்டும், அவர்களிடம் என்ன கணினி இருக்கிறது என்று தெரியாது என்றால் நான் ஜிஇசட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். அது திறக்காத யூனிக்ஸ் கணினியை நான் பார்த்ததில்லை.

பிஇசட்2 என்பது ஜூலியன் சீவார்ட் 1996-இல் எழுதியது. ஜிஜிப்பைவிடச் சின்னதாக அழுத்தும், வேகம் குறைவு. தரவை அதிகபட்சம் 900 கிலோபைட் பாளங்களாக வெட்டித் தனித்தனியாக அழுத்துவதால் நடுவில் ஒரு பாளம் கெட்டாலும் மற்றவற்றை மீட்கக் கூடவே ஒரு கருவி வருகிறது. புதிதாக இதில் கட்ட இன்று அவசியமில்லை.

எக்ஸ்இசட்தான் இவற்றில் இறுக்கமானது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் டார்.எக்ஸ்இசட்டாகத்தான் வருகிறது. அழுத்த நேரம் பிடிக்கும், பிரிப்பது பரவாயில்லை. ஆனால் நினைவகத்தைக் கவனியுங்கள். ஒன்பதாம் நிலையில் அழுத்த 674 மெகாபைட் வேண்டும், பிரிக்க 65 போதும். வழக்கமான ஆறாம் நிலைக்கு 94-உம் 9-உம். 1 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் ஒரு மாணவன் ஒன்பதாம் நிலையைப் போட்டு, திரை அப்படியே உறைந்து நின்றது. ஆறே போதும்.

எக்ஸ்இசட்டைச் சொல்லும்போது 2024 மார்ச் 29-ஐச் சொல்லாமல் போக முடியாது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை அன்று அறிவித்தார். அந்தக் கதவைத் திறந்துவைக்கும் முக்கியமான துண்டு, மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய டார் மூட்டைக்குள் மட்டும் இருந்தது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை நான் விடாமல் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதைய பதிப்புகளில் அது நீக்கப்பட்டுவிட்டது, தயங்காமல் பயன்படுத்தலாம்.

இசட்எஸ்டி என்று முடிந்தால் இசட்-ஸ்டாண்டர்ட். யான் கொலே எழுதி ஃபேஸ்புக் 2016-இல் வெளியிட்டது. ஜிஜிப்பைவிட வேகம், பெரும்பாலும் அளவிலும் சின்னது. என் சொந்தக் காப்புப் பிரதிகளை இப்போது இதில்தான் கட்டுகிறேன்.

ஜிப் வேறு ரகம்

விண்டோஸ்காரர்கள் அனுப்பும் ஜிப்பில் மூட்டை கட்டுவதும் அழுத்துவதும் ஒரே வேலை. ஒவ்வொரு சட்டையையும் தனித்தனி கவரில் போட்டு அழுத்தி, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, பட்டியலைக் கடைசியில் ஒட்டினால் எப்படியிருக்கும்? அதுதான் ஜிப். ஒரே ஒரு கோப்பு வேண்டுமென்றால் பட்டியலைப் பார்த்து நேராக அதை எடுக்கலாம். டார்.ஜிஇசட்டில் முதலிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தாக வேண்டும். ஆனால் டவுன்லோட் பாதியில் அறுந்தால் நிலைமை தலைகீழ். ஜிப்பின் பட்டியல் வாலில் இருப்பதால் அன்ஜிப் தவித்துப்போகும். டார்.ஜிஇசட் அறுந்த இடம்வரைக்கும் வந்ததைக் கொடுத்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் ஜிப்பில் சில சமயம் கிறுக்கலாக மாறுவதையும் பார்த்திருப்பீர்கள். பெயர் யூனிகோடில் இருக்கிறது என்ற குறியைக் கட்டிய மென்பொருள் போடாமல் விட்டால் அப்படி ஆகும். லினக்ஸுக்கு லினக்ஸ் டாரில் அனுப்பினால் இந்தத் தொல்லை வராது. 7இசட் நன்றாக அழுத்தும். ஆனால் கோப்பு யாருடையது என்ற யூனிக்ஸ் விவரத்தை அது வைத்துக்கொள்ளாது. லினக்ஸ் கணினிக்குக் காப்புப் பிரதி எடுக்க அது வேண்டாம்.

படி 3: பெயரை நம்பாமல் ஃபைலைக் கேளுங்கள்

இப்போது அந்த மாணவியின் கோப்புக்கு வருவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கண்டெய்னரின் மேல் ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை அல்லவா? பின்னொட்டும் ஒரு சீட்டுதான். யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஃபைல் என்ற கட்டளை சீட்டைப் பார்க்காது, கதவைத் திறந்து முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். ஜிஜிப் கோப்பு என்றால் முதல் இரண்டு பைட்டுகள் பதினறும முறையில் 1எஃப், 8பி. ஜிப் என்றால் அதை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகளான பி, கே. பிஇசட்2 என்றால் பி, இசட், எச்.

ஃபைல் தரவு.டார்.ஜிஇசட் என்று அடிக்கச் சொன்னேன். எச்டிஎம்எல் ஆவணம் என்று பதில் வந்தது. எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் அளவு 9 கிலோபைட்டுக்குள். அவள் இறக்கியது தரவு அல்ல, அந்தத் தளத்தின் உள்நுழைவுப் பக்கம். லாகின் செய்யாமல் டெர்மினலில் இணைப்பைக் கொடுத்ததால், வந்த பக்கத்தை அதே பெயரில் சேமித்துவிட்டது. பிரவுசரில் லாகின் செய்து இறக்கினாள், வேலை முடிந்தது. "ஜிஜிப் வடிவத்தில் இல்லை" என்ற பிழையில் பெரும்பாலானவை இந்த வகைதான். இன்னொரு வகை, பிரவுசரே ஜிஇசட் உறையைக் கழற்றி டாரை மட்டும் கொடுத்துவிடுவது; மேக்கில் சஃபாரி இதைச் செய்யும். அப்போது ஃபைல் "டார்" என்று காட்டும். பெயரில் டாரை மட்டும் வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

பதிலில் "ஜிப்" என்று வந்து, பின்னொட்டு வேறாக இருந்தாலும் பதற வேண்டாம். டாக்எக்ஸ், ஓடிடி, ஈபப், ஜார் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். உபுண்டுவின் டெப் தொகுப்பு இன்னொரு அழகு: வெளியே ஏஆர் என்ற பழைய மூட்டை, அதற்குள் இரண்டு டார் மூட்டைகள், ஒன்றில் நிறுவும் விவரம், மற்றதில் கோப்புகள்.

படி 4: பிரிக்கும் முன் எட்டிப் பாருங்கள்

டார் -டிஎஃப் பாடம்.டார்.ஜிஇசட்

இது எதையும் பிரிக்காது, உள்ளே இருப்பவற்றின் பெயரை மட்டும் வரிசையாகக் காட்டும். எல்லா வரியும் ஒரே ஃபோல்டர் பெயரில் தொடங்கினால் ஒழுங்கான மூட்டை. தொடங்காவிட்டால், பிரித்ததும் நூற்றுக்கணக்கான கோப்புகள் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் சிதறி, ஏற்கெனவே அதே பெயரில் இருப்பவற்றை அழித்து எழுதிவிடும். இரண்டு புள்ளிகளில் தொடங்கும் பாதை (அது மேல் ஃபோல்டருக்குப் போகும்) ஏதாவது தெரிந்தால், அனுப்பியவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

படி 5: தனி ஃபோல்டரில் பிரியுங்கள்

எம்கேடிர் என்ற கட்டளையால் புதிது என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கிவிட்டு:

டார் -எக்ஸ்எஃப் பாடம்.டார்.ஜிஇசட் -பெரிய சி புதிது

ஜிஇசட்டுக்கு ஓர் எழுத்து, எக்ஸ்இசட்டுக்கு வேறோர் எழுத்து என்று பழைய பாடங்களில் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிரிக்கும்போது இப்போது அது தேவையே இல்லை. எந்த முறையில் அழுத்தியது என்று டார் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இருக்கும் டார் ஜிப்பைக்கூடப் பிரிக்கும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிஎன்யூ டார் பிரிக்காது, அங்கே அன்ஜிப் வேண்டும்.

மூட்டையில்லாத ஒற்றை ஜிஇசட் என்றால் ஜிஅன்ஜிப் போதும். பிரித்ததும் அது சுருக்கிய கோப்பை நீக்கிவிடும். அதுவும் இருக்கட்டும் என்றால் -கே சேருங்கள். படித்துப் பார்க்க மட்டும் என்றால் பிரிக்கவே வேண்டாம்: இசட்லெஸ் என்று போட்டுப் பெயரைக் கொடுத்தால் திரையில் காட்டும். பழைய பதிவுக் கோப்புகளில் ஒரு சொல்லைத் தேட இசட்கிரெப்.

படி 6: கட்டுங்கள், சோதியுங்கள், அப்புறம்தான் அழியுங்கள்

டார் -சிஏஎஃப் பில்கள்.டார்.இசட்எஸ்டி பில்கள்

சி என்றால் கட்டு. ஏ என்றால் நான் வைத்த பின்னொட்டைப் பார்த்து முறையை நீயே தேர்ந்துகொள். எஃப் என்றால் அடுத்து வருவது மூட்டையின் பெயர். அடுத்து என்றால் அடுத்ததேதான்! கட்டும் பெயர்களைத் திரையில் காட்டச் சொல்லும் 'வி'யையும் சேர்க்க நினைத்து, சிஎஃப்வி என்று எழுத்தை மாற்றிப் போட்டால் 'வி' என்ற பெயரில் ஒரு மூட்டை கிடைக்கும். மூட்டையின் பெயர் முதலில், உள்ளே போக வேண்டியவை பிறகு. வரிசை மாறி முதலில் உங்கள் கோப்பின் பெயர் வந்தால், அந்தக் கோப்பின் மேலேயே மூட்டையை எழுதி அதை அழித்துவிடும். போட்டோ, வீடியோ, பாட்டெல்லாம் ஏற்கெனவே அழுத்தியவை. அவற்றுக்கு வெறும் டார் போதும்.

சில வருடங்களுக்கு முன் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் கணினியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்து பில்கள், 01 முதல் 12 வரை மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். பழையதைக் கட்டிப் பென் டிரைவில் போட்டுவிட்டுக் கணினியிலிருந்து நீக்க ஒரு வரி எழுதினேன். டார் கட்டளை, அரைப்புள்ளி, நீக்கும் கட்டளை. கட்டிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவ் நிறைந்துவிட்டது. டார் பிழை சொல்லி நின்றது. அரைப்புள்ளிக்கு முன்னால் நடந்தது வெற்றியா தோல்வியா என்ற கவலை கிடையாது. நீக்கும் கட்டளை தன் பாட்டுக்கு ஓடியது. ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர், "போன வருஷ பில்லு எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் பிரித்துப் பார்த்தேன். "கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது" என்றது. 01 முதல் 07 வரை முழுதாக வந்தன. 08 பாதியில் நின்றது. மீதியைக் காகித பில் புக்கைப் பார்த்து நான்கு இரவுகள் உட்கார்ந்து அடித்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வரியில் அரைப்புள்ளிக்குப் பதில் இரட்டை ஆம்பர்சண்ட் (&&) போட்டிருந்தால் டார் தோற்ற இடத்திலேயே எல்லாம் நின்றிருக்கும். முன்னால் உள்ளது வெற்றியாக முடிந்தால் மட்டும் அடுத்ததை ஓட்டு என்பது அதன் பொருள். இப்போது நான் இன்னும் ஒரு படி போகிறேன். கட்டி முடித்ததும், ஜிஇசட் என்றால் ஜிஜிப் -டி போட்டுப் பெயரைக் கொடுப்பேன்; எக்ஸ்இசட்டுக்கு எக்ஸ்இசட் -டி, ஜிப்புக்கு அன்ஜிப் -டி. கோப்பு முழுதாக இருந்தால் முதல் இரண்டும் ஒன்றும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். அதையும் தாண்டி, டார் --கம்பேர் -எஃப் என்று மூட்டையின் பெயரைக் கொடுத்தால், ஜிஎன்யூ டார் மூட்டையில் உள்ளதையும் டிஸ்கில் உள்ளதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வேறுபாட்டைச் சொல்லும். இரண்டும் முடிந்த பிறகே நீக்கும் கட்டளையைக் கையால் அடிக்கிறேன். அதை ஒரே வரியில் சேர்த்து எழுதுவதை விட்டுவிட்டேன்.

படி 7: மூட்டை பெரிதாக இருந்தால்

நிறையப் பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில்தான் வருகின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் "இடமில்லை" என்பது போல மறுப்பது இதனால்தான். அப்போது வெட்டிக் கொண்டுபோங்கள்:

ஸ்பிளிட் -பி 3பெரிய ஜி பில்கள்.டார்.ஜிஇசட் துண்டு.

இங்கே 'பி' என்பது பைட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. துண்டு.ஏஏ, துண்டு.ஏபி என்று வரிசையாகக் கிடைக்கும். இந்தப் பின்னொட்டு எந்த வடிவத்தையும் குறிப்பதில்லை, வரிசையை மட்டும் சொல்கிறது. ஏஏவை மட்டும் பிரித்துப் பார்த்து "பாதிதான் வருது" என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாத் துண்டையும் சேர்த்த பிறகே பிரிக்க வேண்டும். போன இடத்தில் கேட் துண்டு.* என்று போட்டு, வெளியீட்டை > குறியால் ஒரு புதுக் கோப்புக்குத் திருப்புங்கள். நட்சத்திரக் குறி அகர வரிசையில் விரிவதால் துண்டுகள் சரியான வரிசையில் சேரும்.

சேர்த்தபின் இரண்டு கணினியிலும் எஸ்எச்ஏ256சம் கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி வரும். முதல் எட்டையும் கடைசி எட்டையும் பார்த்துவிட்டு விடாமல், ஒரு முனையிலிருப்பவர் வாசிக்க மறுமுனையிலிருப்பவர் முழுதாகச் சரிபார்க்கட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் துண்டுகளை மறுபடி எடுத்து வர வேண்டும்.